சனிக்கிழமை நாலு மணி வரைக்கும் செத்திருங்கள், மாமா

வியாழன் காலை,
லாயத்துக்குப் பின் வீடு.

உயிரோடு இருப்பவரும், அதை யாரிடமும் சொல்லக்கூடாதவருமாகிய என் அன்பு மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் வாலு பயபக்தியோடு (பக்தி ஒரு பங்கு, பயம் ஒன்பது பங்கு) எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. ஏனென்றால் இங்கே நீங்கள் காலமாகி இன்றோடு மூன்று நாள் ஆகிறது.

கத்தாதீர்கள். பேரனைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போன இடத்தில் கத்தினால் அக்காவின் கைக்குழந்தை எழுந்துகொள்ளும். அத்தையிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளப் போகிறார். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போனைப் பெரிய பேரன் வாளித் தண்ணீரில் முக்கிவிட்டான், அக்காவின் போனிலோ யார் கூப்பிட்டாலும் பின்னணி இசையாக, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்படி, உங்கள் கத்தல்தான் ஒலிக்கிறது. அதனால்தான் அக்காவின் ஊருக்கு ஒரு குதிரையை ஏற்றிக்கொண்டு இன்று புறப்படும் வண்டியின் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவரின் மேல் அக்கா பெயர்தான் இருக்கும். அவர் வாசலை விட்டுப் போகும் வரை நீங்கள் கட்டிலுக்கு அடியில் இருப்பது நல்லது. ஜாக்கியின் உடம்புக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

இனி என் குற்றம். ஜாக்கிகள் உடை மாற்றும் அறையின் வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஒன்று விடாமல் எழுது என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எடை பார்க்கும் தராசுக்கு எதிர்ச்சுவரில் ரேஸ் மைதானத்தில் வேலை பார்த்த எல்லோருடைய தொப்பிகளும் ஆணியில் தொங்கும், ஒருவர் காலமாகிவிட்டால் அவர் தொப்பியின் முன்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவார்கள், தொப்பி திரும்பினால் ஆள் திரும்பமாட்டார் என்று அர்த்தம். ரேஸ் பருவம் தொடங்கும் வாரத்தில் ரேஸ் சங்கச் செயலாளர் நோட்டோடு வந்து, அந்த வருஷம் திரும்பிய தொப்பிகளை எழுதிக்கொண்டு போவார், ஞாயிற்றுக்கிழமை முதல் ரேஸுக்கு முன் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். "நிஜமாவா?" என்று அந்தச் சுவருக்கு முன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒருமுறை யாரோ அப்படிக் கேட்டபோது இறந்தவரின் மனைவி பின்னாலேயே நின்றிருந்தாராம்.

திங்கட்கிழமை சுவருக்கு வெள்ளையடித்து முடிந்தது. தொப்பிகளைத் திரும்ப மாட்டும் வேலையை, எடைக் குமாஸ்தாவான என் தந்தையார், நன்றாக யோசித்து, என்னிடம் கொடுத்தார். இந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதற்காக இதை அடிக்கோடு இட்டிருக்கிறேன். உங்களோடு ரேஸ் ஓடிய பழைய எதிரி ஊசி இருக்கிறாரே, அவர் இப்போது ஜாக்கிகளின் எடை குறைந்தால் சேர்க்கும் ஈயக்கட்டியை எண்ணிக் கொடுக்கிறவர், ஒன்பது வருஷமாகத் தினமும் உங்கள் தொப்பியைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்துவிட்டுத்தான் எண்ண உட்காருவார். தொப்பி திரும்பியிருந்தால் அந்த முகம் எப்படிப் போகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ரெண்டே நிமிஷம்தான் மாமா, சத்தியமாக. திருப்பினேன். அன்றைக்கென்று அவருக்குப் பல்வலி, வரவில்லை. வெளியே ஒரு பெண்குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, வேடிக்கை பார்க்க நானும் ஓடினேன். குதிரை திரும்பி வந்துவிட்டது. தொப்பி திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை செயலாளர் நோட்டோடு வந்து மூன்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு எழுதினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதியத்துக்குள் லாயம் முழுக்கச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் நினைவுக் கூட்டம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே போய், செயலாளர் கையிலிருந்த தாளில் உங்கள் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு ஞாபகமே வந்தது. தொப்பியைத் திருப்பியது நான்தான் என்று அப்பா, அம்மா காதில் போட்டேன். அதற்குள் கூட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் மணிக்காரர். ரேஸ் மணியை நாற்பது வருஷம் அடித்தவர், வீட்டில் யாராவது தட்டில் கரண்டியைப் போட்டாலும் எழுந்து நின்றுவிடுவாராம். அவர் மகள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சொல்லி முடித்ததும் அழுதாள். அடுத்து லாடக்காரர். எந்தக் குதிரையும் அவரை ஒரு தடவைகூட உதைத்ததில்லை, ஏனென்றால் ஆணி அடிப்பதற்கு முன் ஒவ்வொரு குளம்பிடமும் மன்னிப்புக் கேட்பாராம். பிறகு ஒலிபெருக்கி வர்ணனையாளர். ஒரு நாள் பனிமூட்டத்தில் ஒரு குதிரையும் கண்ணுக்குத் தெரியாதபோது குளம்புச் சத்தத்தை மட்டும் கேட்டே முழு ரேஸையும் சொன்னார், ஜெயித்த குதிரையையும் சரியாகச் சொன்னார், இரண்டாவது வந்த குதிரை மட்டும் அன்றைக்கு ஓடவே இல்லை. மூவரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த நிஜமான மூன்று பேருக்குப் பக்கத்தில் உங்களை நிறுத்தியதற்குத்தான் மாமா எனக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது.

அப்புறம் நீங்கள். டீக்கடைக்காரர் எழுந்து, "ரொம்ப அமைதியான மனுஷன்ங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றார். அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. குதிரை டாக்டர், "அவர் பேசுனா குதிரை தலையாட்டும், அவர் வீட்டம்மா பேசுனா அவர் தலையாட்டுவார்" என்றார். சரி, இதற்குமேல் தாங்காது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அப்பா எழுந்து வாயைத் திறந்தார். அதே நேரம் மறுபக்கத்தில் ஊசி எழுந்தார், வீங்கிய கன்னத்தோடு.

"அவன் என் சேணத் துணியப் பிடிக்கவே இல்ல. என் குதிரை தானா ஒதுங்குச்சு. தோத்த ஆத்திரத்துல, அவன் பிடிச்சான்னு நான்தான் புகார் குடுத்தேன். கப்பும் போச்சு, பேரும் போச்சு அவனுக்கு. ஒன்பது வருஷமா நான் சொல்லல" என்றார்.

அப்பா திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தக் கறையைக் காட்டித்தானே பயிற்சியாளர் உரிமம் கேட்டு நீங்கள் போட்ட மூன்று விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பினார்கள்? ஊசி அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். செயலாளர் வாங்கிக்கொண்டு, "சனிக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. கறையை அழிச்சுடுவோம். ஞாயித்துக்கிழமை அவர் பேரைச் சுத்தமா வாசிப்போம்" என்றார். வாசலில் யாரோ உங்கள் இறுதிச் சடங்கைப் பற்றிக் கேட்டதற்கு அப்பா, "ஆமா, எல்லாம் அங்கயே முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் ஒரு கிராம் எடையைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர், முழுசாக ஒரு ஆளையே மாற்றிச் சொல்லிவிட்டு, இரண்டு நாளாகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். அம்மா, துக்கம் கேட்க யாராவது வந்தால் உடனே வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுகிறார். "இருக்கிறவனை நினைச்சு எப்படிடி அழறது?" என்று என் தலையில் ஒரு குட்டு, வருகிற ஆளுக்கு ஒன்று வீதம்.

இதில் இடி என்னவென்றால், அதே செயலாளர் அதே பேனாவால் உங்கள் நான்காவது விண்ணப்பத்தின் மேல் 'விண்ணப்பதாரர் காலமானதால் முடிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டார். புதிதாகக் கொடுக்கக் கடைசி நேரம் சனிக்கிழமை ஐந்து மணி. ஆகையால் மாமா, நீங்கள் நாலு மணி வரைக்கும் செத்திருக்க வேண்டும், ஐந்து மணிக்குள் பிழைத்து வர வேண்டும். நாலு மணிக்கு முன்னால் நீங்கள் உயிரோடு இருப்பது ஊசிக்குத் தெரிந்தால் எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கிழித்துவிடுவார், கறை அப்படியே நிற்கும். ஐந்து தாண்டினால் ஜாக்கியாகவே இன்னொரு வருஷம், உங்கள் முழங்காலும் அதைத் தாங்காது. சனிக்கிழமை மதியம் மைதானத்துக்குப் பின்னால் சாணிக் குழியோரம் வந்து ஒளிந்திருங்கள், போர்வையோடு நான் வருகிறேன். அதுவரை ஜன்னல் பக்கம் போகாதீர்கள், குழந்தையோடு போட்டோ எடுக்காதீர்கள், முக்கியமாகத் தும்மாதீர்கள், உங்கள் தும்மல் நாலு தெருவுக்கு அடையாளம். எனக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை, கணக்குப் பரீட்சையில் விடை எழுத வேண்டிய இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். உங்களுக்கு அந்த உரிமம் கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று நினைக்கும்போது என் குறும்பெல்லாம் குறுகிப்போகிறது.

அத்தைக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். சின்னவனுக்கு முத்தம், போனை முக்கியவனுக்கு ஒரு குட்டு. நீங்கள் நூறு வயது வாழ வேண்டும், நடுவில் இந்த இரண்டு நாளை மட்டும் கழித்துக்கொண்டு.

இப்படிக்கு,
தங்களைக் கொன்ற பாவி,
வாலு

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கவரை ஒட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் போனேன், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சலவைச் சட்டையோடு ஊசி உட்கார்ந்திருக்கிறார். கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "யாருக்குடி கடுதாசி? உன் மாமனுக்கா?" என்றார். நான், "அவர்தான் செத்துட்டாரே..." என்றேன். "செவ்வாக்கிழம மத்தியானமே துக்கம் கேக்க உங்கக்கா நம்பருக்குப் போன் போட்டேன். பின்னாடி 'தலையைப் பிடி, குழந்தை தலையைப் பிடி'ன்னு ஒரு காட்டுக் கத்தல். வெச்சுட்டேன். அந்தத் தொண்டை எனக்குத் தெரியாதா?" என்றார். "தெரிஞ்சேதான் கூட்டத்துல சொன்னீங்களா?" என்று கேட்டேன். "உசிரோட இருக்கிறவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல ஒன்பது வருஷமா வாய் வரல. செத்தவன்கிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சு. எழுதுனது எழுதுனதுதான், நான் வாங்கப்போறதில்ல. அவனைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். கடுதாசியக் குடு, நானே குடுத்துக்கறேன்" என்றார். இரண்டு நிமிஷம் கேட்டு, வண்டியின் பக்கத்திலேயே நின்று, கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆக, வாசலில் அக்கா கையில் கவரைக் கொடுத்தவர் ஓட்டுநர் இல்லை. உள்ளே வாங்க என்று அக்கா சொல்லியிருப்பாள், "பரவால்லம்மா" என்று வெளியிலேயே நிற்பார். நீங்கள் இதைப் படித்து முடிக்கிற இந்த நேரமும் நின்றுகொண்டுதான் இருப்பார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நீங்களே வெளியே போங்கள், மாமா.