'ரெண்டு நிமிஷம்' உட்கார்ந்த ஒரு மணி நேரம்

விருத்தாசலத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம் இருந்ததாக யாராலும் சாட்சி சொல்ல முடியாத ஒரே மனிதர் எங்கள் 'ரெண்டு நிமிஷம்'தான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்கே கிளம்பினாலும் "ரெண்டே நிமிசம், தோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவார். அதனால் எங்கள் செராமிக் கம்பெனியில் அதுவே பெயராகிவிட்டது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். காலி கிளாஸ் அடுத்த தெரு சைக்கிள் கடையில் இருக்கும்.

கொடுமை என்னவென்றால், அவருக்கு வாய்த்தது காத்திருக்கும் வேலை. பொம்மைகளைச் சூளையில் அடுக்கிச் சுட வேண்டும். நன்றாக ஆறிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். ஒருமுறை பொறுக்க மாட்டாமல் அரைச்சூட்டில் திறந்துவிட்டார். உள்ளே 'டிங், டிங்' என்று சத்தம். அத்தனை பிள்ளையாரும் தும்பிக்கையில் விரிசலோடு வெளியே வந்தார்கள். மறுநாளே கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை முதலாளி எடுத்துக்கொண்டார்.

பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குபவர் மேரி அக்கா. சர்க்கரை வியாதியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தினால் வேலைக்குத் திரும்பலாம், வாங்க வழியில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்லப் போனோம்.

"தருமக் காசுல வாங்குன கால்ல நான் நிக்க மாட்டேன். போங்கப்பா" என்று துரத்திவிட்டார்.

எல்லோரும் திரும்பினோம். ரெண்டு நிமிஷம் மட்டும் வாசலிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஓசி இல்லக்கா. நானு, வூட்டுக்காரி, பொண்ணு, மாமியாரு, நாலு பேரும் மலை ஏறுறோம். ஏறுனதுக்குக் கூலின்னு ஊர்ல வாங்கியாந்து தரோம். கூலின்னா வாங்கிக்குவீங்கல்ல?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "கூலின்னா சரி."

விருத்தாசலம் என்றால் பழமலை, பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர் எங்களுடையது. ஆனால் ஏறிப் பழக ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலம்தான் உண்டு. ஒரு வாரம் அந்தக் குடும்பம் காலையில் அதில் ஏறி இறங்கியது. மாமியார் மட்டும் பத்துப் படி பின்னால் வருவார். பதினாறு வருஷமாக மாப்பிள்ளையோடு கதவுக்குப் பின்னாலிருந்தே பேசிப் பழகிய அம்மாள் அவர்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். கம்பெனியில் பார்சல் அனுப்பும் குமாஸ்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"யோவ், நீ மலை ஏறுறது ஒரு அதிசயமா? சும்மாவே எதுலயாவது ஏறி எறங்கிக்கினுதான இருக்குற! உச்சியில ஒரு மணி நேரம் எழுந்திரிக்காம குந்து. அதுக்குத் தரோம் கூலி."

கம்பெனியே கைதட்டியது. கம்மாபுரம் வரை செய்தி போய்விட்டது. பணம் தருவதாகச் சொன்ன அத்தனை பேரும் அதே நிபந்தனையைப் போட்டார்கள். ரெண்டு நிமிஷத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

முதலில் கல்வராயன் மலை. ஏழாவது நிமிடமே எழுந்துவிட்டார். பக்கத்தில் யாரோ அடுப்புக்குக் கல்லைச் சரியாக வைக்கவில்லையாம்.

"கல்லு ஆடுதுங்க. அதப் பாத்துக்கினு எப்பிடிங்க குந்தியிருக்கறது?"

ஒருவரும் காசு தரவில்லை. செய்தியைக் கேட்ட மேரி அக்கா ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். நான் விளையாட்டாகச் சொன்னது ஒரு பெண்ணின் காலைத் தடுத்துக்கொண்டு நின்றது.

அடுத்த ஞாயிறு பருவதமலை. மகள் செல்போனில் முழுசாகப் படம் பிடித்து வந்தாள். மறுநாள் மதியம் பேக்கிங் ஷெட்டில் எல்லோரும் கூடினோம். மேரி அக்காவையும் ஆட்டோவில் கூட்டி வந்திருந்தோம். படத்தில் நாலாவது நிமிடம் அவர் முழங்கால் ஆட ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் யாரோ ஒரு பெரியவர் பாறையில் காயப்போட்ட துண்டைப் பார்த்துவிட்டார்.

"பறந்துடும் போலருக்குது. ரெண்டே நிமிசம்..." என்று கையை ஊன்றினார். "போச்சு" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் சரிந்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அப்படியே மாப்பிள்ளை தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

ரெண்டு நிமிஷம் கல்லாகிவிட்டார். துண்டு நிஜமாகவே பறந்தது. கண்ணால் மட்டும் அதைத் துரத்தினார். மனைவி அம்மாவை எழுப்ப வந்தபோது கிசுகிசுத்தார்: "எழுப்பாத! முழிச்சாங்கன்னா வெக்கத்துல மலைய வுட்டே குதிச்சிடுவாங்க."

ஒன்றுமே நடக்காத அந்தப் படத்தை ஒருவர்கூட எழுந்திருக்காமல் பார்த்தோம். டீ ஆறி ஏடு கட்டியது. கடைசியில் மகள் குரல் கேட்டது: "அப்பா, ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. எழுந்திரு."

"ரெண்டு நிமிசம் இரும்மா. நல்லாத் தூங்குறாங்க."

மேரி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குக் கூலி வாங்கலாம்பா. நான் வாங்கிக்கறேன்."

கால் வந்துவிட்டது. அக்கா இப்போது வேலைக்கு வருகிறார். கேட்டிலிருந்து ஷெட்டுக்கு முப்பது தப்படிதான். அவர் நடக்கக் கால் மணி நேரம் ஆகிறது. தினமும் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் ஒரு அடி வைத்தால் தானும் ஒரு அடி வைத்து ரெண்டு நிமிஷம் வருகிறார்.

நேற்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "யோவ், முதலாளி சாவி குடுத்துட்டாரு. வந்து சூளையத் தொற!"

"இன்னும் கொஞ்சம் ஆறட்டும் சார்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அவர்கள் ஷெட் வாசல் போய்ச் சேரும் வரை எனக்கும் வேலை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலிலேயே நின்றிருந்தேன்.