பாண்டம் வெயிட் பயில்வானின் மொட்டை

உடம்பில் சதை இல்லாதவனுக்கு வீரம் எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், செய்தித்தாளிலிருந்து வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லிச் சலூனில் கிடந்த ஒரு பழைய பேப்பரில், ஒலிம்பிக் குஸ்தியில் எடை பார்த்து ஆட்களைப் பிரித்து, ஒல்லிகளை ஒல்லிகளோடு மட்டுமே மோத விடுகிறார்கள் என்று போட்டிருந்தது. ஒல்லிகளுக்கான 'பாண்டம் வெயிட்'டில் ஜெயித்தவனின் படம் வேறு. என்னைவிட நோஞ்சானாக இருந்தான் (என் கண்ணுக்கு).

எங்கள் நெமிலிச்சேரி மண் கோதாவில் அந்த நியாயமெல்லாம் கிடையாது. எருமை மாதிரி இருப்பவனும் என்மேல் வந்து விழலாம். விழுந்தார்கள். திருமழிசையிலிருந்த என் தாய்மாமன் இதைப் பார்த்துவிட்டு, "ஒரு குஸ்தியாவது ஜெயிச்சிகினு வாடா, அப்பால பச்சையம்மாளக் கட்டித் தரேன்" என்று சொல்லியிருந்தார். பச்சையம்மாள் அவர் மகள். அவளுக்காக நான் மலையையே புரட்டியிருப்பேன் (சின்ன மலையாக இருந்தால்).

அந்தச் சமயம் பார்த்து, பூந்தமல்லி ராணுவ முகாமில் ஒரு துரை ஒலிம்பிக் முறைப்படி குஸ்தி நடத்தப் போகிறார் என்று தண்டோரா போட்டார்கள். விறகுக் கடைத் தராசில் ஏறிப் பார்த்தேன். பாண்டம் வெயிட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அன்றிலிருந்து பட்டினி.

பசி முற்றினால் ஒரு சுகம் வருகிறது. வரப்பில் நடந்தால் கால் தரையில் படாது. ஏரித் தண்ணீர் கடலாக விரியும். அதில் ஒரு கப்பல் சத்தமில்லாமல் வந்து, என்னை ஏற்றிக்கொண்டு ஒலிம்பிக் நடக்கும் பெர்லினுக்குப் போகும். (பெர்லின் திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் எங்கோ இருப்பதாக எண்ணம்.)

போட்டியன்று முகாம் தராசில் நின்றேன். முள் ஒரு நூல் தாண்டி நின்றது. கோவணத்தைத் தவிர எல்லாவற்றையும் கழற்றினேன். அப்படியும் இறங்கவில்லை. கூட வந்த சிநேகிதன் கன்னியப்பன் என் குடுமியை உற்றுப் பார்த்தான்.

"இத்த எட்துட்டா இன்னா?"

மரத்தடி நாவிதர் தலையை வழித்தார். "மீசை?" என்று கேட்டார்.

"அதுக்கும் வெயிட் கீதே" என்றான் கன்னியப்பன். மீசையும் போயிற்று. முள் இறங்கியது.

களத்தில் மண்ணே இல்லை. ஒலிம்பிக் முறையாம், பஞ்சு மெத்தை போட்டிருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து கோரைப்பாயில் படுத்தவன். என் எடையே உள்ள ஒரு சிப்பாய் என்னைத் தூக்கி மல்லாத்தியதும் முதுகு அதில் புதைந்தது. அடடா! கப்பல் மெல்ல ஆடியது. மேல்தளத்தில் பச்சையம்மாள் இலை போட்டுச் சோறு பரிமாறினாள். துரையின் விசில் எங்கோ தொலைவில் கப்பல் சங்காக ஊதியது. "எழுந்துருய்யா, தோத்துட்டே" என்று யாரோ உலுக்கினார்கள். "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றேனாம்.

தெளிந்ததும் அழுகை வந்தது. போட்டியும் போச்சு, பச்சையம்மாளும் போச்சு. ரோட்டோரம் உட்கார்ந்து தேம்பினேன். கன்னியப்பன் வாங்கித் தந்த களியைத் தின்று, ஒரு தூக்கம் போட்டு, சாவகாசமாக ஊருக்கு நடந்தேன்.

நான் தேம்பிய நேரத்தில் மாமனின் மாட்டுவண்டி அந்த வழியாகப் போயிருக்கிறது. எங்கள் பக்கம் பிள்ளை மீசையோடு சேர்த்து வழித்துக்கொள்வது அப்பன் செத்தால்தான். அந்தக் கோலத்தில் அழுகிறவனிடம் யாரும் நின்று காரணம் கேட்க மாட்டார்கள். மாமனும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மாமன் மாலையும் கோடித் துணியுமாக, திருமழிசைச் சொந்தபந்தம் மொத்தத்தோடும் வந்து கதறிக்கொண்டிருந்தார். நடுவில் என் அப்பா கூழ்ச் சட்டியோடு நின்றார்.

"செத்தது யாருடா?" என்று தன் மச்சானைக் கேட்டார்.

"நீதான் மாமா!" என்றார் மாமன், அழுகையை நிறுத்த முடியாமல்.

எல்லோரும் திரும்பி என் தலையைப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு மாலையைப் பார்த்தார், மாமனைப் பார்த்தார், கையை இறக்கினார்.

"உசுரோட கீறவனுக்கு மாலை எட்தாந்துட்டே. இந்தப் பாவம் தீரணும்னா பொண்ணக் குடு."

மாமனால் மறுக்க முடியவில்லை. எனக்கு மீசை முளைத்ததும் கல்யாணம் நடந்தது.

அப்பா அதன்பிறகு வெகுகாலம் இருந்தார். அவர் உண்மையிலேயே போனபோது ஆள் அனுப்பினோம். "இன்னொரு தபா ஏமாற மாட்டேன்" என்று மாமன் திரும்பிப் படுத்துவிட்டாராம். பச்சையம்மாளே போய் அழைத்து வந்தாள். மனிதர் மாலைகூட வாங்காமல் வந்து, குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்து, "மாமா, மெய்யாவா?" என்று கேட்டார். அப்புறம் உடைந்து அழுதார். எனக்கும் அழுகை பொங்கியது. ஊடே சிரிப்பும் வந்துவிட்டது.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாராவது சாவுச் செய்தி சொன்னால் முதல் கேள்வி ஒன்றுதான்: "மெய்யாவா, குஸ்தியா?"