கிளிஃபர்டோடு போகவேண்டிய கோட்

"அக்கா, அலமாரியைக் காலி பண்ணிட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாள் மேவிஸ்.

வினிஃப்ரெட் அலமாரிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். வெறும் ஹேங்கர்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"அவரோட ட்ரெஞ்ச் கோட் எங்கடி?"

"பேன்ட், சட்டை, கோட் எல்லாத்தையும் நேத்தே தர்மக் கடையில கொடுத்துட்டேன். செத்தவங்க துணி வீட்ல இருந்தா மனசு ஆறாதாம்."

"அடிப்பாவி! அதைப் போட்டுத்தான் அவரை அடக்கம் பண்ணணும். வாக்குக் கொடுத்திருக்கேன்டி!"

அடக்கம் அன்று மதியம். அதற்கு முன்பே சவப்பெட்டியை மூடிவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் வினிஃப்ரெட் வாங்கிக் கொடுத்த கோட் அது. அவள் கணவர் கிளிஃபர்டை அது இல்லாமல் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் குறைவு. யார்க்‌ஷரில் மழைக்கும் பஞ்சமில்லை, அவர் பேச்சுக்கும் பஞ்சமில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாராவது சிக்கினால் போதும். "முதல் உலகப்போர்ல, பதுங்குகுழியில நனைஞ்சுக்கிட்டு நின்ன அதிகாரிங்களுக்காகத் தைச்சதுய்யா இது. தோள்ல இந்தப் பட்டை, பதவிச் சின்னம் குத்த. இடுப்புல இந்த வளையம், வரைபடப் பை மாட்ட" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வளையத்தில் அவர் மாட்டியதெல்லாம் மீன் வறுவல் பொட்டலம்தான். ஒரு விருந்தில், "என்னைப் புதைக்கும்போதும் இது என் மேல இருக்கணும், வின்னி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவளும் சரியென்று தலையாட்டினாள்.

வினிஃப்ரெட் தர்மக் கடைக்கு ஓடினாள். தானமாக வரும் பழைய துணியை மலிவாக விற்று, காசை ஏழைகளுக்குக் கொடுக்கும் கடை அது.

"இப்பத்தான் போச்சு. புதுப் போதகர் டெட்லோ ஐயா வாங்கினார். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு!" என்றாள் கடையில் இருந்தவள்.

வீடு திரும்பினால், கோட் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குள்ளே போதகர் இருந்தார். அடக்க ஆராதனை பற்றிப் பேச வந்திருந்தார்.

"கோட்டைக் கழட்டிக் கொடுங்க ஐயா, மாட்டி வைக்கிறேன்."

"வேண்டாம்மா, ஒரு நிமிஷத்துல கிளம்பிடுவேன். எப்படி இருக்கு? இதைப் போட்டதுலேர்ந்து துப்பறியிறவன் மாதிரி நடக்கிறேன்!"

கேட்டுவிடலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் முதுகில் தீப்பிடித்தாலும், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

"கணப்புல கரியை அள்ளிப் போடுடி. வெக்கை தாங்காம தானாக் கழட்டுவார்" என்று தங்கையின் காதில் ஓதினாள்.

கணப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. மேவிஸுக்கு வியர்த்துக் கொட்டியது. போதகர் பெல்ட்டைக்கூடத் தளர்த்தவில்லை.

"முதுகுப் பக்கம் என்ன காத்தோட்டம்! அந்தப் போர்லேர்ந்து ஜனங்க இதை ஏன் விடலைன்னு இப்பத்தான் புரியுது."

மேவிஸ் அக்காவிடம் டீயை நீட்டிக் கிசுகிசுத்தாள். "கொட்டிடுக்கா. துவைச்சுத் தர்றோம்னு வாங்கிடலாம்."

வினிஃப்ரெட் இல்லாத கல்லில் தடுக்கி, கோப்பையைப் போதகரின் மார்பில் கவிழ்த்தாள்.

கிளிஃபர்ட் பொய் சொல்லவில்லை. அந்தத் துணி ஒரு சொட்டைக்கூடக் குடிக்கவில்லை. டீ முழுவதும் வழுக்கிக்கொண்டு இறங்கி, மடியில் கோட் விலகியிருந்த இடம் பார்த்து, பேன்ட்டில் குடியேறியது.

"ஐயோ! ஒண்ணுமில்லம்மா! இதமாத்தான் இருக்கு!" என்று துள்ளினார் போதகர்.

பேன்ட்டைக் கணப்பின் முன் காயப்போட்டார்கள். போதகர் கழுத்துவரை பொத்தான் போட்டு, கோட்டை இறுக்கக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இனி அதைக் கழற்றச் சொல்ல வழியே இல்லை.

"அத்தானோட பேன்ட் ஒண்ணு எடுத்துக் கொடேன்" என்றாள் மேவிஸ்.

"நீ எங்கடி மிச்சம் வச்ச?"

இருவரும் முறைத்துக்கொண்டிருந்தபோது தீய்ந்த வாடை வந்தது. மேவிஸ் ஓடிப்போய்ப் பேன்ட்டை இழுத்தாள். ஒரு கால் அவள் கையோடு வந்தது, மற்றது நெருப்போடு போனது.

வினிஃப்ரெட் நாற்காலியில் சரிந்து அழுதாள். "இன்னிக்கு மழை கொஞ்சம் பலம்தான், ஐயா... நீங்க போட்டிருக்கிறது என் வீட்டுக்காரர் கோட்டு."

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டுப் போதகர் எழுந்தார்.

"செத்த மனுஷனுக்குக் கொடுத்த வாக்கும்மா. என் வீட்டுக்குப் போய் வர நேரமில்லை, கிளம்புங்க. பிரசங்க மேடை நெஞ்சுவரைக்கும் மறைக்கும். மிச்சத்தைக் கர்த்தர் பார்த்துப்பார்."

கொட்டும் மழையில் மூவரும் கடைத்தெருவைக் கடந்தார்கள். கோட்டுக்குக் கீழே போதகரின் வெறுங்கால்கள் சிவந்துபோய் விரைந்தன. கசாப்புக் கடைக்காரர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். எதற்கு மரியாதை என்று அவருக்கே தெரியவில்லை.

தேவாலயத்தில், அடக்க வேலைகளைக் கவனிக்கும் அக்ராய்ட், பெட்டியின் மூடியைக் கையில் தூக்கிவிட்டிருந்தார்.

"மூடாதீங்க! கோட்டு வந்துடுச்சு!"

போதகர் அதைக் கழற்றினார். கறுப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கீழே கோடு போட்ட உள்ளாடை. அந்தக் கோலத்தில் கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார்.

பெட்டிக்குள் கிளிஃபர்ட் சூட் அணிந்து, விடுமுறைக்குக் கிளம்பியவர்போல் படுத்திருந்தார். வினிஃப்ரெட் குனிந்தாள். "சொன்னபடி கொண்டாந்துட்டேங்க."

அக்ராய்ட் கோட்டைப் பார்த்தார். போதகரின் முழங்கால்களைப் பார்த்தார். மூடியை மெல்லக் கீழே வைத்தார்.

"மன்னிக்கணும்மா... போன மாசம் அவரே என் கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனார்: 'என் சம்சாரம் அந்தக் கோட்டைத் தூக்கிட்டு வருவா. ஆசையா வாங்கிக் கொடுத்தது, பிடிக்கலைன்னு சொல்ல இத்தனை வருஷமா எனக்கு வாய் வரலை. வாங்கி வச்சுக்கோ, ஆனா தயவுசெஞ்சு எனக்குப் போட்டு மட்டும் விட்டுடாதே.'"