நாற்பத்தாறாவது லெவலில் தக்காளி

எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் இலை விட்ட எதுவும் லெவல் அண்ணனின் பிடியிலிருந்து தப்பியதில்லை. கல்யாணப் பந்தியில் சாதம் விழுவதற்குள் வாழையிலையின் ஓரத்தைத் தன் கருவியில் கவ்வ வைத்துவிடுவார். அது 'கீக்' என்றதும் பந்திக்கே கேட்கும்படி எண்ணை அறிவிப்பார். கீரைக்காரம்மா ஒருமுறை கீரைக்கட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"வாங்கறதுன்னா வாங்குங்க. நாடி பாக்கறதுன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய துணிக் கிளிப் போலிருந்த அந்தக் கருவி, இலையில் எவ்வளவு பச்சையம் இருக்கிறது என்று அளக்கும். அதில் வரும் எண்ணை அவர் 'லெவல்' என்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

என் மகள் பெங்களூர் வேலையை உதறிவிட்டுக் குத்தகை நிலத்தில் தக்காளி போட்டிருந்தாள். இந்தப் பயிர் தேறாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும் என்று அவளிடம் சத்தியம் வாங்கியவள் நான். அவள் செடிகளோடு பேசுவதைப் பார்த்த பிறகு, தேறிவிட வேண்டுமே என்று சாமி கும்பிட்டவளும் நான்தான்.

பெருமழைக்குப் பின் அடியிலைகள் வெளுத்தன. லெவல் அண்ணன் வந்து செடி செடியாக அளந்தார்.

"லெவல் இருபத்தெட்டும்மா."

எனக்கு உயிர் வந்தது. நான் சுரங்கத் தொழிலாளியின் மகள். சுரங்கத்தில் லெவல் எண் ஏற ஏற ஆழம். ஆழம் ஏற ஏற ஆபத்து. இருபத்தெட்டென்றால் ரொம்பக் கீழே போய்விடவில்லை. ஆனால் மகளோ உடனே யூரியா கரைக்கக் கிளம்பினாள்.

"நல்லா இருக்கிற செடிக்கு எதுக்குடி மருந்து?"

"நீ சும்மா இரும்மா."

சில நாள் கழித்து மறுபடி அளந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நாப்பத்தாறாவது லெவலுக்குப் போயிடுச்சும்மா."

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். "செடி போச்சு. நீங்க சிரிக்கிறீங்களாண்ணே?"

"எங்க போச்சு?"

"நாப்பத்தாறுக்கு. சுரங்கத்துல ஆளை எறக்குற கேஜ் கயிறு அறுந்த மாதிரி."

அவர் என் மகளைப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. "இன்னாம்மா நீ, இது மைன்ஸா? இதுல நெம்பர் ஏறினா செடி தேறிச்சுன்னு அர்த்தம். உன் பொண்ணு எங்கயும் போகத் தேவையில்ல."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை; இதை எழுதும்போதும் லேசாக வருகிறது. அவர் அதைக் கவனித்துவிட்டார். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு சேற்றில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கை அடங்கும்வரை, வரப்பில் முளைத்திருந்த, யாருக்கும் வேண்டாத பார்த்தீனியச் செடியை இலை இலையாக, மெதுவாக, அளந்துகொண்டே இருந்தார்.