தாயுள்ளம் கொண்ட கோழிப்பண்ணை

தாய்மையை மதிக்கத் தெரிந்த நிறுவனம் உலகிலேயே ஒன்றுதான். அது தெற்கு பிரேசிலில், சாந்தா கத்தரீனா மாநிலத்தில் உள்ள எங்கள் கோழிப்பண்ணை. அதன் விளம்பர அதிகாரி நான் என்பதால் இதை முழு நடுநிலையோடு சொல்கிறேன்.

போன குளிர்காலத்தில் முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்கெல்லாம் வெள்ளைக் கழிச்சல் கண்டது. அவசரக் கூட்டம் கூடியது. மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவை ஒரு சுற்று வந்து முடிந்ததும், தீவன நிபுணர் டாக்டர் ஜில்மார் சனோத்தோ கண்கலங்க எழுந்தார்.

"குஞ்சு மேல தப்பில்லீங்க. தாய்க்கோழி என்ன திங்குதோ அதோட பலன்தான் முட்டை வழியா குஞ்சோட குடலுக்குப் போகுது. நாம தாயக் கவனிக்கல."

நாங்கள் தலைகுனிந்தோம். அன்றே 'தாய்மை நலத் திட்டம்' பிறந்தது. கோழிகளுக்குப் பொறுக்கியெடுத்த சோளம், ஈஸ்ட், மூலிகை எண்ணெய், கொட்டகையில் மெல்லிசை. குஞ்சின் வயிற்றைக் காக்க வேறு யார் வயிற்றிலாவது அடித்தாக வேண்டுமே. தொழிலாளர் கேன்டீனில் அவித்த முட்டை நின்றது. கறுப்பு பீன்ஸ் குழம்பில் பீன்ஸின் 'பங்கேற்பு' குறைக்கப்பட்டது.

கோழிகளுக்குத் தீனி போடும் தெவுசிலேனி, வடக்கே மரஞ்ஞாவோவிலிருந்து பிழைக்க வந்தவள். ஏழு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் மடியில் சோளத்தோடு வாசலில் பிடிபட்டாள். டாக்டர் அதை அங்கேயே கொட்டச் சொன்னார். உடனே விசாரணைக் குழு அமர்ந்தது.

"ஏம்மா, கோழித் தீனியத் திருடலாமா?" என்றார் மேலாளர் க்ளோவிஸ்.

"வேகவச்சுத் திங்கலாம்னு எடுத்தேன் சார். பசி தாங்கல."

"கோழிக்குப் பசிச்சா அது நம்ம கேன்டீனுக்கா வருது?"

"வந்தா ஏமாந்துதான் போகும் சார்."

க்ளோவிஸ் தண்ணீர் குடித்தார். அவள் டாக்டரைப் பார்த்தாள். "நீங்கதானே கொட்டகையில போஸ்டர் ஒட்டினீங்க, தாய் திங்குறதுதான் பிள்ளை குடலுக்குன்னு? நான் நம்பிட்டேன்."

"அது கோழிங்கள வச்சுப் பண்ண ஆய்வும்மா," என்றார் டாக்டர். "மனுசங்களுக்குப் பொருந்துமான்னு நான் இன்னும் பார்க்கல."

என்னவொரு அறிவியல் நேர்மை. கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்யச் சட்டம் விடாது, திருடியை விடும். எனவே அவளைத் திருடியாக மட்டும் கருதினோம். 'தாய்மை நலத்துக்கு ஊறு விளைவித்தாள்' என்று காரணம் எழுதி அனுப்பினோம்.

திட்டம் வெற்றி பெற்றது. கழிச்சல் ஓடிப்போனது. தலைமையகம் பாராட்டியது. ஆண்டுமலர் அட்டைக்கு, புதிதாகப் பிள்ளை பெற்ற ஒரு தாய்க்குக் குஞ்சுகளைப் பரிசளிப்பது போலப் படம் வேண்டும் என்றேன். விசாரித்ததில், பக்கத்தில் பிள்ளை பெற்றிருந்தவள் தெவுசிலேனி ஒருத்திதான். பண்ணைக்குப் பெருந்தன்மை உண்டு; டாக்டர், புகைப்படக்காரர், பெட்டி நிறையக் குஞ்சுகளுடன் அவள் தகரக் குடிசைக்கே போனோம்.

குறைமாதத்தில் பிறந்த பையன் துணிக்குள் எலிக்குஞ்சு மாதிரி கிடந்தான். அவள் ஒரு கோழிக்குஞ்சை எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. இதோட அம்மா என்ன தின்னுச்சு டாக்டர்?"

டாக்டர் பூரித்துப்போனார். "முதல்தரச் சோளம், ஈஸ்ட், மூலிகை எண்ணெய்..."

"இவன் அம்மா என்ன தின்னான்னும் சொல்லுங்க. மடியிலேர்ந்து கொட்டச் சொன்னது நீங்கதானே."

புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்.

அட்டைப்படம் பிரமாதமாக வந்திருக்கிறது. 'இங்கே எந்தத் தாயும் பசித்திருப்பதில்லை' என்ற வாசகம் என்னுடையது. குஞ்சுகள் கொழுகொழுவென்று விழுந்திருக்கின்றன. குழந்தையை மட்டும் வெட்டிவிட்டோம்.