டிவி இல்லத்தா, கம்ப்யூட்டர்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். தர்மபுரி போய் ப்ளஸ் ஒன்ல சேரணும். இருட்டறதுக்குள்ள காரிமங்கலம் திரும்பணும்.

இது எண்பதுகள்ல நடந்தது. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தேன். கணக்குல மார்க் கொஞ்சம் தாராளமாவே விழுந்திருந்துச்சு. எப்படி விழுந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே புரியல.

எங்கத்தா, அதாவது எங்கப்பா, இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவரு. பொண்ணு பத்தாவதோட நிக்கட்டும்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னப்ப, மேல படிக்கட்டும்னு சொன்ன ஒரே ஆளு அவருதான். ஆனா என்ன படிக்கப்போறேன்னு அவருக்கு விளங்கற மாதிரி சொல்லணும். உருப்படியான படிப்பா இருக்கணும். இல்லன்னா வூட்டோட இருந்துக்கன்னு சொல்லிட்டாரு.

சயின்ஸ் குரூப்ல தவளை அறுக்கணும்னாங்க. எனக்குக் கோழி அறுக்கறதப் பாத்தாலே தலை சுத்தும். காமர்ஸ் குரூப்ல, பத்தாவதுல நான் சண்டை போட்டுப் பேசாம விட்ட அத்தனை பொண்ணுங்களும் சேந்திருந்தாங்க. மிச்சம் இருந்தது புதுசா வந்த கம்ப்யூட்டர் குரூப்.

கம்ப்யூட்டர்னா என்னன்னு எனக்குத் தெரியாது. என் சிநேகிதி செல்வி சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்.

"அந்த ரூம்ல ஏசி போட்டிருக்காங்கடி."

எனக்கு அது போதும். எங்க ஊரு வெயில்ல வளந்தவங்களுக்கு இது புரியும். என் எதிர்காலத்தை நான் அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

பஸ்ல உக்காந்ததும் அத்தா ஆரம்பிச்சாரு. கம்ப்யூட்டர்னா என்னம்மான்னு கேட்டாரு. மனுஷ மூளை மாதிரியே வேலை செய்யும்த்தான்னு சொன்னேன். யாரோட மூளை மாதிரின்னு கேட்டாரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

சரி, வேற மாதிரி சொல்லலாம்னு, கணக்குப் போடற மிஷின்னு சொன்னேன். அப்ப நீ எதுக்குப் போறேன்னாரு.

பஸ் முழுக்க ஆளுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம, அது எப்படி இருக்கும்னு செல்வி சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன்.

"டைப்ரைட்டர் மேல டிவி வெச்ச மாதிரி இருக்கும்த்தா."

சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷமே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஏன்னா டிவிங்கிற வார்த்தையே எங்க வூட்ல ஆகாது.

அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. ஒரு தடவை பெரிய வூடு ஒண்ணுல அத்தா டிவி பாத்துக்கிட்டே மெத்தை தைச்சாரு. பாத்த சுவாரஸ்யத்துல கத்தரிக்கோலை உள்ளயே வெச்சுத் தைச்சுட்டாரு. அந்த வூட்டுக்காரருதான் அதைக் கண்டுபிடிச்சாரு. எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு கேக்காதீங்க.

அதுலருந்து அந்தப் பொட்டி இருக்கிற இடத்துல தொழிலும் உருப்படாது, படிப்பும் உருப்படாதுன்னு அத்தாவுக்குத் தீர்மானமான எண்ணம்.

"டிவியா?"ன்னாரு.

இல்லத்தா, டிவி மாதிரி, ஆனா டிவி இல்லன்னேன். டிவில படம் வரும், இதுல வெறும் எழுத்துதான் வரும்னேன். எழுத்து படிக்கத்தான் புத்தகம் இருக்கேன்னாரு. தர்மபுரி வர்ற வரைக்கும் அது டிவி இல்ல, டிவி இல்லன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கிட்டே போச்சு.

ஸ்கூல்ல ஹெட்மாஸ்டர் மரியாதையா உக்கார வெச்சாரு. என் மார்க்கைப் பாத்துட்டு, எந்த குரூப்பும்மான்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அத்தா முந்திக்கிட்டாரு.

"ஐயா, அந்தக் கம்ப்யூட்டர்ல படம் வருங்களா?"

ஹெட்மாஸ்டர் சிரிச்சாரு. அதெல்லாம் வரவே வராதுங்க, சுத்தமான படிப்புங்கன்னாரு. இந்தப் பக்கத்துல நம்ம ஸ்கூலுக்குத்தான் மொதல்ல வந்திருக்குன்னு பெருமையாச் சொன்னாரு. அதோட நிறுத்தியிருக்கலாம். நீங்களே வந்து கண்ணால பாத்துருங்கன்னு எழுந்துட்டாரு.

எனக்கு ஒரே சந்தோஷம். ஏசிய இன்னைக்கே பாத்துடலாம்.

கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல ஏகப்பட்ட செருப்பு. ஹெட்மாஸ்டருக்கு முகமெல்லாம் மலந்துபோச்சு.

"பாருங்க, கிளாஸ் இன்னும் ஆரம்பிக்கல. சாருங்க அவங்களே வந்து கத்துக்கறாங்க."

அத்தாவும் தலையாட்டினாரு. அவரு தலையாட்டினதப் பாத்து எனக்குத் தைரியம் வந்துச்சு. நான்தான் முன்னாடி போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டிருந்தாங்க. பெஞ்சு நெறைய சாருங்க. கணக்கு சாரு ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னு, ஆண்டெனா ஒயரைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டிருந்தாரு. கம்ப்யூட்டர் திரையில வெள்ளைச் சட்டை போட்டவங்க அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டிருந்தாங்க.

கிரிக்கெட் மேட்ச்.

அந்தக் காலத்துல ஸ்கூல் கம்ப்யூட்டருக்குத் திரையா இருந்தது சாதாரண டிவிதான். எனக்கு அது தெரியாது. அத்தாவுக்கும் தெரியாது. ஹெட்மாஸ்டருக்குமே சரியாத் தெரியாதுன்னு அவரு நின்ன நிலையப் பாத்ததும் தெரிஞ்சுது. சாருங்களுக்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு. நிஜமான கம்ப்யூட்டர் பக்கத்துல உறை போட்டு மூடிக் கெடந்துச்சு. உறை மேல ஒரு தட்டுல மொளகாப்பொடி தூவின மாங்காப் பத்தை.

பத்தையைக் கடிச்ச ஒரு சாரு, மெல்றதா முழுங்கறதான்னு தெரியாம அப்படியே உக்காந்திருந்தாரு.

அத்தா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தாரு. என் ப்ளஸ் ஒன்னு போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி வூட்டோட பஞ்சு அடிக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பாத்து, திரைக்குக் கீழ ஸ்கோர் வந்துச்சு.

"எழுத்து வருது பாருங்கத்தா"ன்னேன்.

என் வாழ்க்கையில நான் பேசினதுலயே கேவலமான பேச்சு அதுதான். ஆனா ஸ்டூல் மேல நின்ன கணக்கு சாரு அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு. ஆமாங்க, கணக்குதாங்க எல்லாம்னாரு. ஒருத்தரு எத்தனை ஓடினாரு, இன்னும் எத்தனை ஓடணும், எல்லாமே கணக்குதான்னாரு. பேசிக்கிட்டே கையை எறக்கிட்டாரு. படம் போய்ப் புள்ளி புள்ளியா வந்துச்சு. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் ஹெட்மாஸ்டர் நிக்கிறதை மறந்து, சார், கையைத் தூக்குங்க சார்னு கெஞ்சினாங்க.

கையைத் தூக்கினாரு. படம் வந்துச்சு.

அத்தா ஒரு அடி முன்னாடி போனாரு. திரையையே உத்துப் பாத்தாரு. கடைசில ஒரு கேள்வி கேட்டாரு.

"எல்லாரும் வெள்ளைதான் போட்டிருக்காங்க. இதுல நம்ம ஆளுங்க யாருங்க?"

பி.டி. சாரு நகந்து உக்காந்து இடம் குடுத்தாரு. அத்தா உக்காந்துட்டாரு. நடுவுல கோட்டு போட்டு நிக்கிறவரு டாக்டரான்னு விசாரிச்சாரு. இல்ல, அம்பயருன்னாங்க. குச்சியை எதுக்கு நட்டு வெச்சிருக்காங்கன்னு கேட்டாரு. அதுக்கும் பதில் சொன்னாங்க. மாங்காப் பத்தை அவரு பக்கம் போச்சு. எடுத்துக்கிட்டாரு.

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினாரு. திட்டப்போறாருன்னு நெனச்சேன். அவரும் மெதுவா, ஸ்கோர் என்னய்யான்னாரு. அவருக்கும் இடம் குடுத்தாங்க.

உக்கார இடம் இல்லாம நின்னது நான் ஒருத்திதான். நின்ன இடம் ஏசிக்கு நேரா. கொஞ்ச நேரம் சொர்க்கமா இருந்துச்சு. அப்புறம் மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் பல்லு தந்தியடிச்சுது. வெளியில எங்க பஸ்ஸு போயிருக்கும்.

அத்தா பின்னாடி போய், அட்மிஷன்னு மெதுவாச் சொன்னேன்.

திரும்பிக்கூடப் பாக்கல. "இரும்மா, இந்த ஓவர் முடியட்டும்."

ஓவர்னா என்னன்னு அவருக்கு அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது.

மேட்ச் முடிஞ்சு, எல்லாரும் கையக் குலுக்கிக்கிட்டதுக்கு அப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சு. ஹெட்மாஸ்டரு இருந்த சந்தோஷத்துல வேற எதுவும் கேக்காமச் சேத்துக்கிட்டாரு.

வூட்டுக்கு வந்ததும் அம்மா, என்ன படிப்புங்க அதுன்னு கேட்டாங்க. நான் தும்மிக்கிட்டிருந்ததால அத்தாவே பதில் சொன்னாரு. நல்ல படிப்புதான், நானே கூட உக்காந்து பாத்துட்டுத்தான் சேத்தேன்னாரு.

அதுக்கப்புறம் பொண்ணு எப்படிப் படிக்கிறான்னு விசாரிக்க அடிக்கடி ஸ்கூலுக்கு வந்தாரு. இவ்ளோ அக்கறையான அத்தா யாருக்கு வாய்க்கும்னு டீச்சருங்க எல்லாம் என்கிட்ட சொன்னாங்க. அவரு வர்ற நாள்ல எல்லாம் எங்களுக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் ரத்தாகும். போர்டுல கீபோர்டு படம் வரைஞ்சு போட்டுட்டு, இதை நோட்டுல எழுதிக்கங்கன்னு சொல்லிட்டு சாரு போயிடுவாரு.

ரெண்டு வருஷத்துல அந்தத் திரை முன்னாடி நான் உக்காந்த நேரம், எங்கத்தா உக்காந்ததுல பாதிகூட வராது.