ஊர்வலத்தில் பாடம் படித்த வண்டி

மில்லர்ஸ் ஃபோர்ட், விஸ்கான்சின்
ஜூலை 3

அன்பு மச்சான் கர்ட்டுக்கு,

உன் அக்கா டார்லாவின் கணவன் வெர்லின் எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். உன் அக்காவும் சௌக்கியம் என்று அடுத்த வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். என்னோடு அவள் நான்கு நாளாகப் பேசுவதில்லை. மினசோட்டாவில் நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும், குறைந்தபட்சம் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

போன குளிர்காலத்தில் என் பெரிய மோட்டார் சைக்கிளுக்கு நான் புகைக்குழாய் மாற்றினேன். சத்தம் கம்பீரமாக வந்தது. கூடவே பின் சிலிண்டர் சூடும் வந்தது. "வெர்லின், என் வலது தொடையில ஆம்லெட் போடலாம்" என்றாள் உன் அக்கா. "எல்லாம் உன் மனப்பிரமை" என்றேன் நான். அவள் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "ஆகஸ்ட்ல சுப்பீரியர் ஏரிக்குப் போறோமே, அதுக்குள்ள இதச் சரி பண்ணு. இல்லேன்னா இந்த ஜென்மத்துல உன் பின்னாடி உக்கார மாட்டேன்." முப்பத்தொரு வருடமாக அந்த இருக்கையில் உட்கார்ந்தவள் மச்சான். அது காலியாக இருந்தால் எனக்கு வண்டி ஓட்டவே பிடிக்காது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் குடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் ட்யூனர் பெட்டி ஒன்றைப் போட்டால் சூடு தணியும் என்றார்கள். எந்தப் பெட்டி என்று தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் என் கூட்டாளிகள் மூவரிடம் கேட்டேன். நார்பர்ட், "பெட்ரோல் கணக்க ஒரு தடவ பெட்டில ஏத்திட்டு மறந்துடு" என்றான். கேலன், "சக்கரத்த உருளை மேல வச்சு ஓட்டிப் பாத்து கணக்குப் போடுற மெக்கானிக்கிட்ட விடு" என்றான். இர்வின் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த மீன நீ சாப்பிடப் போறியா?" என்று கேட்டான். மூன்று பேரில் அவன் ஒருவன்தான் எனக்குக் கெடுதல் செய்யாதவன். ஆனால் நான் அதோடு நிறுத்தாமல் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அத்தான், தானா கத்துக்கிற பெட்டியா வாங்குங்க. மாட்டுங்க, ஓட்டுங்க. நீங்க எப்படி ஓட்டுறீங்களோ அப்படியே கத்துக்கும்."

எப்படி ஓட்ட வேண்டும் என்று நீ சொல்லவில்லை. இது என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவது, ஆரம்பக் கணக்கு. ஏதாவது ஒரு கணக்கை முதலில் ஏற்றினால்தான் அது கற்க ஆரம்பிக்கும் என்று பெட்டி அடம்பிடித்தது. "என்னோடதயே போட்டுக்குங்க, போகப் போக அதுவே திருத்திக்கும்" என்று உன் வண்டிக் கணக்கை அனுப்பினாய். உன் எஞ்சின் வேறு, உன் குழாய் வேறு, உன் புத்தியும் வேறு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கராஜில் முழங்கால் தேய மண்டியிட்டு, இருக்கையைக் கழற்றி, ஒயரைச் செருகி, குழாயில் சென்சாரைத் திருகி முடித்தால், லேப்டாப் திரையில் ஒரு கேள்வி: இந்தப் பெட்டியை இந்த வண்டியோடு நிரந்தரமாக இணைக்கவா? ஆம் என்று அழுத்தினேன். இனி வேறு வண்டிக்கு அது உதவாது, கடைக்காரன் திருப்பியும் எடுக்க மாட்டான். வாசலில் நின்ற உன் அக்கா, "கடைசி வரைக்கும் ஒரே வண்டியா? உன் பக்கத்துல இருந்து அது வேற எதையும் கத்துக்காம இருக்கணும்" என்றாள்.

கற்றுக்கொண்டது! ஜூன் மாதம் எங்கள் மாவட்டத்தில் வாரத்துக்கு ஒரு ஊரில் பால் திருவிழா ஊர்வலம் என்பது உனக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் மழை. ஆகவே நான்கு சனிக்கிழமை நான்கு ஊர்வலத்தில், பசு ஏற்றிய டிரெய்லருக்குப் பின்னால், கொடியைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். கற்றுக்கொண்டேன் என்று பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. என்ன சமத்து என்று நான் அதைத் தட்டிக்கொடுத்தேன்.

போன ஞாயிறு உன் அக்காவைக் கெஞ்சி ஏற்றினேன். ஊருக்குள் வண்டி வெண்ணெயாகப் போனது. நெடுஞ்சாலையில் ஏறி முறுக்கியதும் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, பீரங்கி போல வெடித்தது. ஹெல்கசன் பண்ணை மாடுகள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. வேகத்தைக் குறைத்து மாட்டு நடைக்கு வந்தால் மறுபடியும் வெண்ணெய்! ஊர்வல வேகத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது மச்சான், மற்ற வேகத்துக்கெல்லாம் இன்னும் உன் கணக்குதான். வீடு வரை பதினொரு மைலும் அப்படியே திரும்பினோம். பண்ணைக்காரர்கள் ஊர்வலம் வருகிறது என்று மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையோரம் வந்து உட்கார்ந்தார்கள். "என்ன வெர்லின், பசுவெல்லாம் பின்னால வருதா?" என்று ஒருவன் கேட்டான். உன் அக்கா இறங்கிப் பக்கத்தில் நடந்தாள். பிறகு என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள். அன்று மூடிய வாய்தான்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து அந்தச் சனியனை உன் கையாலேயே கழற்று. அதுவரை நவம்பர் வான்கோழி விருந்துக்கு என் வீட்டுப் படி ஏறாதே. இனி எனக்கு எந்த யோசனையும் சொல்லாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்குரியது என்னிடமே பத்திரமாக இருக்கிறது, வண்டி ஓடிய பிறகு தருகிறேன்.

இப்படிக்கு,
கொதித்துப்போன உன் அத்தான்,
வெர்லின் தோர்சன்

பி.கு.: தபால்தலை இல்லாமல் இந்தக் கடிதம் ஒரு வாரம் சமையலறையில் கிடந்தது. உன் அக்கா படித்துவிட்டாள். என் வண்டிச் சாவியை எடுத்தாள். அவளிடமும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். "லேப்டாப்ப எடுத்துக்கிட்டுப் பின்னாடி ஏறு" என்றாள். மேடு, பள்ளம், நெடுஞ்சாலை என்று மூன்று நாள் ஓட்டி, நிறுத்திய இடத்திலெல்லாம் பெட்டி கற்ற புதுக் கணக்கை என்னை லேப்டாப்பில் ஏற்ற வைத்து, வண்டிக்கு எல்லாப் பாடத்தையும் கற்றுக்கொடுத்தாள். இப்போது வண்டி சிங்கம், சூடும் இல்லை. ஆனால் பாடம் ஏறாத முதல் நாள் இருபதாவது மைலில் என் வலது தொடையில் கொப்புளம். மனப்பிரமைக்குக் கொப்புளம் வராது மச்சான். ஆகவே நீ வர வேண்டாம், பெட்டி இருக்கட்டும், நவம்பரில் விருந்துக்கு வா. ஏரிக்கு அவள் முன்னால், நான் பின்னால். நேற்று நெடுஞ்சாலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "காத்துல கேக்கல, சத்தமா!" என்றாள். மூன்று முறை கத்தினேன். பக்கத்தில் வந்த பால் லாரிக்காரர் "சரி சரி, மன்னிச்சாச்சுப்பா!" என்று கையசைத்துவிட்டுப் போனார். உன் அக்கா இன்னும் அப்படிச் சொல்லவில்லை.